சிவப்பு வட்டமிட்ட தேதிகள்

பாயான் பாரு, பினாங்கு
6 ஏப்ரல் 1986

அன்புள்ள தவமணி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமானதையும் விடமாட்டேன். பாதி உண்மை எழுதினால் உன்னால் சரியான பதில் சொல்ல முடியாது அல்லவா?

நான் உனக்கு எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. நீ ஜொகூர் பாருவுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இன்னும் உன் பெயரைக் கேட்டால் அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். பதிலை என் தோழி ரொஸ்னாவின் வீட்டுக்கு அனுப்பு. முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

இந்த வாரம் உயிரியலில் இனப்பெருக்கப் பாடம். ஆசிரியை பலகையில் படம் வரையவில்லை. "பக்கத்தைப் பார்த்து வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, பாதி நேரமே ஆகியிருக்க, ஜன்னல் கதவுகளைச் சரிசெய்யப் போய்விட்டார். நான் வீட்டில் நான்கு முறை படித்தேன். பாடநூலில் ஓவரி என்று மலாயில் இருந்ததை நூலக அகராதியில் தேடினேன். தமிழில் சூலகம். வயிற்றின் அடியில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. தோலுரித்த பாதாம் பருப்பின் வடிவம், ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளம். அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, மாதம் ஒரு முட்டையை முதிரவைத்து வெளியே விடுவது. மற்றொன்று, இரத்தத்தில் சுரப்பைக் கலந்து பெண்ணின் உடம்பைப் பெண்ணாக வளர்ப்பது. பிறக்கும்போதே எல்லா முட்டைகளும் உள்ளே இருக்கும், பிறகு ஒன்றுகூடப் புதிதாகச் சேராது என்று படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

காரணத்தை எழுதுகிறேன். 1983 ஜூலையில் எனக்குச் சடங்கு செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட எனக்கு வரவில்லை. முப்பத்துமூன்று மாதமாக.

அத்தைக்கு இது தெரியக்கூடாது என்று அம்மா சமையலறைக் காலண்டரில் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை சிவப்பு வட்டம் போடுகிறார். வட்டம் போட்ட நாளிலிருந்து மூன்று நாள் நான் சாமி விளக்கைத் தொடக்கூடாது. தனிப் பாயில் படுக்க வேண்டும். வடிவம்மாள் அத்தை எனக்கு உளுந்தங்களி கிண்டித் தருகிறார். போன மாதம் நான் மறந்துபோய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். "அடிப்பாவி, இன்னைக்கு உனக்கு ரெண்டாவது நாள் லா!" என்று அத்தை கத்தினார். என் தேதி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிகிறது.

உனக்கு எப்படி, அக்கா? முதல் தடவைக்குப் பிறகு இவ்வளவு இடைவெளி இருந்ததா? பாடநூலின் படத்தைப் பார்த்து வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
செண்பகவள்ளி


ஜொகூர் பாரு
19 ஏப்ரல் 1986

செண்பகம்,

உன் கடிதத்தை இரண்டு தடவை பாதியில் மடித்து வைத்தேன். இந்த ஹாஸ்டல் அறையில் நாங்கள் நாலு பேர். மீனாட்சிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். நீ வரைந்த படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, ஆட்டுத் தலையா? கொம்பெல்லாம் இருக்கு" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் படம் போடாதே.

சில பேருக்குத் தாமதமாகத்தான் வரும். எள்ளுருண்டை சாப்பிடு. பரீட்சை வருடத்தில் இதையே யோசித்துக்கொண்டிருக்காதே.

ஏன் என்னிடம் கேட்கிறாய்? வட்டம் போடுகிற கையைக் கேள். நான் அந்த வீட்டைவிட்டு வந்தவள். அத்தை மகன் வேலுவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னதற்கு அம்மா என் துணிப்பையை வாசலில் வைத்தார். அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

உன் சடங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். நாளைக்கு ஆறு மணிக்கு வேலை.

தவமணி


பாயான் பாரு
11 மே 1986

அன்புள்ள அக்கா,

கிழித்த பக்கத்தில் என்ன இருந்தது? அதை நினைத்து நினைத்து கணக்குத் தேர்வில் ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். இருந்தாலும் நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட அணிவகுப்பில் எனக்குத் தலை சுற்றியது. காலையில் சாப்பிடாததுதான் காரணம். ஆனால் அத்தை விடவில்லை. சனிக்கிழமை அம்மாவையும் என்னையும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா இரவு ஷிஃப்ட் முடித்து ஃபேக்டரி சட்டையோடு வந்திருந்தார். டாக்டர் நூர்ஜான் நிதானமாகப் பேசுகிறவர். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "கடைசியா மாதவிலக்கு எப்போ வந்தது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா கைப்பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "ஏப்ரல் இருபத்தொண்ணு, டாக்டர்" என்றார்.

"ஒழுங்கா வருமா?"

"கடிகாரம் மாதிரி டாக்டர்!" என்றார் அத்தை. "நான்தானே பார்த்துக்கிறேன்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அக்கா, அவர் எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மை காய்வதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, இரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பொய்யை வைத்து வைத்தியம் பார்த்தால் மாத்திரை யாருக்குப் போகிறது?

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தை அம்மாவிடம் சொன்னார்: "நல்லதாப் போச்சு ருக்கு, டாக்டரே சொல்லிட்டாங்க. எஸ்.பி.எம். பரீட்சை முடியட்டும். டிசம்பர்ல வேலுக்கும் இவளுக்கும் பேசி முடிச்சிடலாம். பெரியவதான் ஓடிட்டா, சின்னவ அப்படிச் செய்ய மாட்டா."

அம்மா பஸ் நம்பரைப் பார்ப்பதுபோல் ரோட்டைப் பார்த்தார்.

வேலு அத்தான் கெட்டவர் இல்லை. எனக்குப் பழைய அறிவியல் பத்திரிகைகள் கொண்டுவந்து தருவார். அவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. டிசம்பருக்குள் என் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாய்?

செண்பகம்


ஜொகூர் பாரு
25 மே 1986

செண்பகம்,

டிசம்பர் என்று படித்ததும் மறுபடி காகிதத்தை எடுத்தேன். இனி மறைக்கக்கூடாது. உட்கார்ந்து படி.

அது இரத்தம் இல்லை. மங்குஸ்தீன் பழக்கறை.

அன்றைக்கு அப்பாவின் சிநேகிதருடைய பாலிக் புலாவ் தோட்டத்துக்கு லாரியில் போனோம், ஞாபகம் இருக்கிறதா? திரும்பும்போது பழத்தோல்களின் மேலேயே உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டு வந்தாய். வீட்டு வாசலில் நீ இறங்கியபோது அத்தை உன் பாவாடையைப் பார்த்தார். குலவை போட்டார். உன்னை மூலையில் உட்காரவைத்துவிட்டுக் கீழே கடைக்குப் போய்ப் போன்மேல் போனாகப் போட்டார்.

உன் துணியைத் துவைக்க என்னிடம் கொடுத்தார்கள். சோப்புப் போடப் போட ஊதா நிறமாகப் பரவியது. உள்ளாடையில் ஒன்றுமே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா அதை மோந்து பார்த்தார். அப்படியே குளியலறைச் சுவரில் சாய்ந்தார். அதற்குள் பாகான் டாலாமிலிருந்து மாமா சீர்த் தட்டுகளோடு ஃபெர்ரி ஏறிவிட்டார். பக்கத்து புளோக் பெண்கள் மஞ்சளோடு படியேறி வந்துகொண்டிருந்தார்கள். அத்தை மகளுக்கு உன் வயதுதான், அவளுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே சடங்கு ஆகிவிட்டது. "உன் பொண்ணுக்கு இன்னும் இல்லையா?" என்று எல்லோரும் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

"வாயை மூடிக்கிட்டு இரு. அடுத்த மாசம் நிஜமாவே வந்திடும். ஒரு மாசம் முன்ன பின்ன ஆனா என்ன?" என்றார் அம்மா.

அத்தை என்னைக் கேட்டார், "நீதானே துவைச்சே? பார்த்தியா?" என்று. "பார்த்தேன் அத்தை" என்றேன்.

நீ மூலையிலிருந்து, "எனக்கு வயிறு வலிக்கவே இல்லையே, அக்கா?" என்று கேட்டாய். உனக்குத் தலை வாரிவிடுவதுபோல் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டேன், உன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று.

எனக்கு அப்போது பதினெட்டு. சின்னப் பிள்ளை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தவமணி


பாயான் பாரு
8 ஜூன் 1986

தவமணி அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. அன்புள்ள என்று எழுத வரவில்லை, அதனால் எழுதவில்லை.

நீயும் அம்மாவும் தெரிந்தே மூன்று வருடம் என்னைப் பாயில் படுக்கவைத்தீர்கள். நான் மட்டும்தான் நம்பினேன். ஒரு தடவை வந்திருக்கிறது, ஆகவே மறுபடி வரும், என்னுடையது நின்றுபோன கடிகாரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது ஓடவே தொடங்கவில்லை என்றால் கேள்வியே வேறு. பாடநூலில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி இருக்கிறது.

கோபத்தில் மாடிப்படிகளில் பத்துத் தடவை ஏறி இறங்கினேன். ரொஸ்னா கீழேயிருந்து எண்ணினாள். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல தோழி.

பிறகு டாக்டர் நூர்ஜானுக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை பிழை திருத்தினேன். "மே மாதம் பத்தாம் தேதி உங்களிடம் சொல்லப்பட்ட தேதி உண்மையல்ல. எனக்குப் பதினேழு வயது. இதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. மற்ற வளர்ச்சி எல்லாம் வகுப்புத் தோழிகளுக்கு இருப்பது போலவே இருக்கிறது. ஆகவே என் சூலகம் சுரப்பு வேலையைச் செய்கிறது என்று நினைக்கிறேன், இன்னொரு வேலையைப் பற்றித் தெரியவில்லை. தயவுசெய்து எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கூறவும்." பள்ளி முடிந்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டாக்டர் என்னை உட்காரவைத்து, என் முன்னாலேயே படித்தார். "இது நல்ல கடிதம்" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தருவதாகவும், எனக்குப் பதினெட்டு ஆகாததால் தாயோ தந்தையோ கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

கையெழுத்துப் போட வேண்டிய அந்தத் தாளைத்தான் இப்போது கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். ஃபேக்டரி பஸ்ஸின் சத்தம் கேட்கிறது.

செண்பகவள்ளி


ஜொகூர் பாரு
24 ஜூன் 1986

செண்பகத்துக்கு,

நீ அன்புள்ள என்று எழுதாதது சரி.

நேற்று அம்மா ஹாஸ்டலுக்குப் போன் செய்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு. நலமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. "இவ டாக்டருக்கு லெட்டர் எழுதிட்டா" என்றார். பிறகு இன்னொரு காசு போடும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். அத்தையிடம் வயிற்று வலி என்று சொல்லி உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். ஸ்கேன் பார்த்த சின்ன டாக்டருக்கு ஏதோ ஒன்று தென்படவில்லையாம். ஜூலை பதினொன்றாம் தேதி பெரிய டாக்டர் மறுபடி பார்ப்பாராம். "எது தெரியலை?" என்று கேட்டேன். "அவளைத்தான் கேக்கணும். அவதான் அவங்களோட பேசினா, நான் வெளியே நின்னேன்" என்றார்.

கடைசியில், "ஒரு மாசம்தான்னு நினைச்சேன் தவம்" என்றார். காசு முடிந்து போன் நின்றுவிட்டது.

அத்தையும் அன்றைக்குக் கூட வருவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாராம். அம்மாவுக்கு அந்தப் பயம்தான் அதிகம். நீ சொல்லு, நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன். பார்த்தேன் என்று சொன்னவள் நான்தான். பார்க்கவில்லை என்று நானே அத்தையிடம் சொல்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: உன்னைப் பற்றி யார் கேட்டாலும், உனக்குப் பதிலாக வேறு யாரையும் பேசவிடாதே.

தவமணி


பாயான் பாரு
13 ஜூலை 1986

அன்புள்ள தவமணி அக்காவுக்கு,

நீ எந்தக் கதையிலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள். அதனால் முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சூலகங்கள் இரண்டும் இருக்கின்றன. கருப்பை இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது உருவாகவில்லை. சில ஆயிரம் பெண்களில் ஒருவருக்கு இப்படி இருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார். யார் செய்த தப்பும் இல்லை, எதையும் தின்றதாலோ தின்னாததாலோ வந்ததும் இல்லை. இன்னும் சில சோதனைகள் செய்வார்கள், ஆனால் அவருக்குச் சந்தேகம் இல்லை.

சூலகம் தன் இரண்டு வேலைகளையும் செய்கிறது. மாதாமாதம் ஒரு முட்டையை முதிரவைத்து விடுகிறது. அது தங்குவதற்கு இடம் இல்லை, அதனால் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. உதிர்வதற்கு உள்சுவர் இல்லை, அதனால் வெளியே எதுவும் வருவதில்லை. இந்த மாதத்து முட்டை இருக்கும் பையை நானே பார்த்தேன். சாம்பல் நிறப் பாதாம் பருப்புக்குள் கறுப்பாக, உருண்டையாக, ஒன்றரை சென்டிமீட்டர். வலப்பக்கம்.

என் வயிற்றில் குழந்தை வளராது. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய், வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு வந்திருக்கிறேன். அழுதேனா என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழுதேன். நேற்றும். இன்று இன்னும் இல்லை.

இனி அன்று நடந்தது. நீ வர வேண்டாம் என்று நான் எழுதியதற்கு நீ கோபப்பட்டிருப்பாய். நீ வந்து சொல்லியிருந்தால் அம்மா சொல்லியிருக்கவே மாட்டார்.

ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. நர்ஸ் நோர்மா மிஸி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அசையாமல் நின்றால் சுலபம் என்றார். அசையாமல் நிற்க எனக்குத் தெரியாது என்றேன். அத்தை என் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஓரத்தில்.

மிஸி தாளை எடுத்து, கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். முதல் தடவை எழுதிய தாள் வேறு எங்கோ இருக்கிறதாம், இதிலும் எழுத வேண்டுமாம். அம்மாவின் கை தானாகக் கைப்பைக்குள் போனது. நான் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன், அக்கா. ஆனால் அம்மாவின் கை வெறுமையாக வெளியே வந்தது.

"வந்ததே இல்லை" என்று அம்மா மலாயில் சொன்னார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, "அண்ணி, இவ இன்னும் வயசுக்கே வரலை. அன்னைக்குச் சடங்கு செஞ்சது பொய். அது பழக்கறைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"என்ன ருக்கு உளர்றே? ஊரே வந்து சாப்பிட்டுப் போச்சு. தவமணி பார்த்தேன்னு சொன்னாளே?"

"நான்தான் சொல்ல வெச்சேன். அவ மேல தப்பில்லை."

இதை உனக்காக வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன்.

அத்தை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வராந்தாவில் மற்றவர்களும் எங்களைப் பார்த்தார்கள். "மாசா மாசம் என்னை முட்டாளாக்கி இருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார். அம்மா கைப்பையை மூடினார். "அப்ப என் வேலு?" என்றார் அத்தை, சத்தம் குறைந்து.

"தெரிஞ்ச பிறகும் கேட்டா அது வேற. தெரியாம வேணாம் அண்ணி."

"நான் ஃபார்ம் சிக்ஸ் படிக்கப் போறேன் அத்தை. யாரும் கேட்க வேண்டாம்" என்றேன்.

"இவ ஒருத்தி!" என்றார் அத்தை. எழுந்து வராந்தாவின் கடைசிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் பையைக் கீழே வைக்கவில்லை. வீட்டில் இன்னும் அம்மாவோடு பேசவில்லை. என்னிடம் மட்டும், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போன தடவை நான் தனியாகப் போனேன். இந்தத் தடவை, அம்மாவும் பார்க்கலாமா என்று மிஸியிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

"நான் எதுக்கு? எனக்கு என்ன புரியும்?" என்று அம்மா பின்வாங்கினார்.

"நான் சொல்றேன்மா. வாங்க."

அறை மிகவும் குளிராக இருந்தது. கட்டிலில் படுத்தேன். வயிற்றில் பசை போன்ற ஒன்றைத் தடவினார்கள், அது இன்னும் குளிர். அம்மா ஃபேக்டரி சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு கதவருகிலேயே நின்றார். பெரிய டாக்டர் அவரை அருகே அழைத்து, திரையை எங்கள் இருவர் பக்கமும் திருப்பி வைத்தார். அதில் எங்கள் முகங்கள்தான் மங்கலாகத் தெரிந்தன. அம்மா என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். நோர்மா மிஸி கதவைச் சாத்திவிட்டு விளக்குகளை அணைத்தார்.